கரிசல் காட்டில் ஒரு புத்தக வெளியீடும் மூன்றாவது மழையும்

வங்கியில் என்னோடு வேலை பார்த்த தோழியின் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. சென்னையில் ஏசி ஹாலில் வெளியிடலாம் என்றார் பதிப்பாளர். இவள் கேட்கவில்லை. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊரில், பாரதி பிறந்த நாளை ஒட்டி, ஊர்க்காரர்கள் முன்னால்தான் வெளியிடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "நீ முன்னாடியே வந்துரு, கோவில்பட்டியையும் பார்த்துரலாம்" என்றாள் என்னிடம். லீவு போட்டுவிட்டு ஈரோட்டிலிருந்து கிளம்பினேன். இரவுகளில் செல்போனில் தட்டிவைத்த குறிப்புகளைக் கொஞ்சம் சரிசெய்து நாள்வாரியாகப் போடுகிறேன்.

டிசம்பர் 10, 2024, செவ்வாய். கோவில்பட்டி

விருதுநகர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மண் கறுத்துவிடுகிறது. வாய்க்காலும் மஞ்சள் வயலும் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் பொட்டல் வெளி முதலில் கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால் ஐப்பசி மழை ஏமாற்றவில்லை போல. ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், தரையோடு உளுந்தும் பாசியும், நடுநடுவே பருத்தி. கிணறு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் மானாவாரி.

சாத்தூரில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஒரு பாட்டி, காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக் கேட்காமலே பாதியை என் கையில் கொட்டினார். ஊர், பேர், பிள்ளைகள் எத்தனை, வந்த காரியம் என்ன, எல்லாம் விசாரித்தார். பயிர் நன்றாக இருக்கிறதே என்று நான் சொல்ல, "ஒரு மழ பெஞ்சா வெதப்போம். ரெண்டாவது பெஞ்சா வெளையும். மூணாவது வந்துச்சுன்னா அது வேற கணக்கு தாயி" என்றார். சேவு நல்ல காரம். மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தது.

லாட்ஜ் வாடகை 750 ரூபாய். '24 மணி நேரமும் வெந்நீர்' என்று வரவேற்பறையில் பலகை. அறையைத் திறந்துவிட்ட பையன், "காலைல அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் வரும்க்கா" என்றான். அவன் மேல் கோபப்பட முடியவில்லை, அவ்வளவு பணிவாகச் சொன்னான்.

சாயங்காலம் தோழி வந்து கடலைமிட்டாய்க் கடைக்கு அழைத்துப் போனாள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். கடைக்காரர் முதலில் ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்துத் தின்னச் சொல்லிவிட்டுத்தான் விலையே சொன்னார். கால் கிலோ 60 ரூபாய். வெல்லப்பாகு பல்லில் ஒட்டாமல் சட்டென்று நொறுங்குகிறது. ஊரில் நாம் வாங்குவது ஏன் இப்படி இல்லை என்று கேட்டதற்கு, "எங்க மண்ணுக் கடல" என்றார், வேறு விளக்கம் தேவையில்லை என்கிற தோரணையில்.

அங்கிருந்து நேராக ஒரு தையல் கடை மாடி. ஊர் இலக்கிய நண்பர்கள் கூடும் இடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டியூப்லைட், பழைய மேஜை. பாரதி விழாவுக்கு முந்தின இரவு ஏதாவது ஒரு கதையை உரக்க வாசிப்பது இவர்களுக்கு வழக்கமாம். வந்திருந்தவர்களை அறிமுகப்படுத்தினாள் தோழி. ஒருவர் தபால்காரர், ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஒருவர் பலசரக்குக் கடை, இரண்டு வாத்தியார்கள், ஒரு டீச்சர். இலக்கியம் என்று தனியாக யாருக்கும் தொழில் இல்லை. கோவில்பட்டியில் ரொம்ப காலமாகவே இப்படித்தான். கவிஞர் தேவதச்சனின் நகைக்கடைக்கு நகை வாங்க வந்தவர்களைவிடக் கவிதை பேச வந்தவர்கள்தான் அதிகம் என்று கேலி செய்தார் பலசரக்குக்கடைக்காரர்.

இந்தச் சுற்றுவட்டாரத்து எழுத்தாளர்களின் கணக்கை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923 செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் பிறந்தவர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும். அழகிரிசாமிக்கு 1970இல், அவர் இறந்த பிறகு, சாகித்திய அகாதமி விருது. கி.ரா.வுக்கு 1991இல். பூமணிக்கு 2014இல். உருளைக்குடி சோ.தர்மனுக்கு 2019இல். கோணங்கி 'கல்குதிரை' சிற்றிதழ் நடத்துவதும் இங்கிருந்துதான். ஆறு கிடையாது, பெரிய பல்கலைக்கழகம் கிடையாது. தீப்பெட்டி ஆபீசும் புழுதியும்தான்.

அன்றைக்கு வாசித்தது அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. ரயில்வேக்காரர் வாசித்தார். நான் இந்தக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன், ஆனால் ஒருவர் வாசித்துக் கேட்டதில்லை. குழந்தைகள் போட்டி போட்டுப் பேசும் இடத்தில் அவர் குரல் எட்டு வயதுக்கு இறங்கிவிட்டது. மழையில் நனைந்து வந்து நிற்கும் அநாதைப் பையனை மங்கம்மாளின் அம்மா வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் இடம் வந்ததும், பின்வரிசையில் தபால்காரர், "நிறுத்துங்க அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் வந்து உட்காரும் வரை காத்திருந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார் வாசித்தவர்.

அப்புறம் சண்டை ஆரம்பித்தது. அந்த அம்மாவின் கருணையை அழகிரிசாமி கொஞ்சம் கூட்டிவிட்டாரா இல்லையா என்று ஒன்றரை மணி நேரம். எனக்குப் பசி. கடைசியில் பரோட்டாக் கடையிலும் அதே சண்டை தொடர்ந்தது. பரோட்டா 15 ரூபாய், சால்னா கேட்கக் கேட்க. பில்லை யார் கொடுத்தார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவிடவில்லை.

டிசம்பர் 11, புதன். எட்டயபுரம்

காலையிலேயே வானம் மூட்டம். எட்டயபுரம் பஸ்ஸில் பாதிப் பேர் பாரதியாக இருந்தார்கள். வெள்ளை முண்டாசு, கறுப்புக் கோட்டு, கண்மையில் வரைந்த மீசை. ஏழெட்டு வயதுப் பாரதி ஒருவன் அம்மா மடியில் தூங்கிவிட்டான், மீசை அம்மா சேலையில் பதிந்துவிட்டது.

பாரதி பிறந்த வீடு சின்னது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிற எல்லோரும் அந்த அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பிறகு செல்ஃபி எடுக்கிறார்கள். மணிமண்டபம் கொஞ்சம் தள்ளி. கல்கி தன் பத்திரிகையில் எழுதி எழுதி வாசகர்களிடமிருந்து பணம் திரட்டிக் கட்டிய மண்டபம், 1947இல் ராஜாஜி திறந்தார். மக்கள் காசில் எழும்பிய மண்டபத்துக்குள் இன்றைக்கு நுழைய முடியவில்லை. மாலை போட வந்தவர்களின் கார்கள். ஒவ்வொரு கட்சியும் தனித்தனியாக வந்து, தனித்தனியாக முழக்கமிட்டு, தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டு போனது. அதுவரைக்கும் பள்ளிப் பிள்ளைகள் தூறலில் வரிசையில் நின்றார்கள். மீசைகள் கரைய ஆரம்பித்தன. இந்தப் பிள்ளைகளை முதலில் உள்ளே விட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டதற்கு ஒரு தன்னார்வலர், "வருஷா வருஷம் இதத்தான் சொல்லுதோம் மேடம்" என்றார்.

ஒப்பித்தல் போட்டி பக்கத்துப் பந்தலில். 'அச்சமில்லை'யைத் தொண்டை கிழியக் கத்தினால்தான் பரிசு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து வந்த பிள்ளைகளெல்லாம் அதையே கத்தினார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள், ஒன்பதாம் வகுப்பு இருக்கும். முண்டாசு இல்லை, மீசை இல்லை. வசன கவிதையில் 'காற்று' பகுதியை எடுத்துக்கொண்டாள். ஓலைப் பந்தலில் தொங்கும் இரண்டு கயிறுகள் பேசிக்கொள்ளும் இடம். கந்தன் என்ற கயிறு, வள்ளியம்மை என்ற கயிறு. அவள் கத்தவே இல்லை. பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நடுவில் சாமியானாவிலிருந்து தொங்கிய நைலான் கயிற்றைக் கையால் காட்டினாள். அது உண்மையிலேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பந்தலில் எல்லோரும் அண்ணாந்து அந்தக் கயிற்றைப் பார்த்தோம், நடுவர்கள் உட்பட. அவளுக்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மதியம் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. கம்பஞ்சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்புத் துவையல், மோர்மிளகாய். கம்பஞ்சோற்றை உருண்டையாக எடுத்து இலையில் வைத்து நடுவில் குழித்து குழம்பை ஊற்றுகிறார்கள். நான் அரிசிச் சோறு மாதிரிப் பிசைந்ததைப் பார்த்த பரிமாறும் அக்கா, "பெசையாதீக, பிச்சு முக்கிச் சாப்பிடுங்க" என்று என் இலையிலேயே செய்து காட்டினார்.

சாப்பிட்டதும் தோழி விடவில்லை, ஊரைச் சுற்றினோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமான இடம் இங்கேதான். முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று உயிர்விட்டதும் இதே ஊரில்தான். சமாதியில் அன்றைக்கு நாங்கள் இருவர் மட்டும். உமறுப்புலவர் அடக்கத்தலத்தில் ஒரு பெரியவர் பாயை உதறிப்போட்டு உட்காரச் சொன்னார். பாரதி விழாவுக்கு வந்தீர்களா, சாப்பிட்டீர்களா, சாப்பாடு எப்படி என்று அடுக்கிக் கேட்டுவிட்டு, அங்கே உப்பு போட்டார்களா என்று சந்தேகமாகப் பார்த்தார். போட்டிருந்தார்கள்.

மாலை டீக்கடை டிவியில் செய்தி. சீனி.விசுவநாதன் தொகுத்த பாரதியின் முழுப் படைப்புகளை, 23 தொகுதிகள், டெல்லியில் பிரதமர் வெளியிட்டிருக்கிறார். ஒரு தனி மனிதர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "இருவத்து மூணா? வெல என்ன போட்ருக்காம்?" என்றார். கடையில் யாருக்கும் தெரியவில்லை. "நூலகத்துக்கு வாங்கிப் போடச் சொல்லணும்" என்றார் தானாகவே.

இரவு திறந்தவெளியில் பறையும் ஒயிலாட்டமும். நடுவே உரைகள். நாலாவது உரையில் தூறல் வலுத்ததும் கூட்டம் கலைந்தது. மழைக்கு நன்றி.

டிசம்பர் 12, வியாழன். இடைசெவல், பிறகு தோழியின் ஊர்

விடியும்போதே நல்ல மழை. பஸ்ஸில் இடைசெவல் போனோம். நாற்கரச் சாலையோரம் இறங்கி நடக்க வேண்டும். பத்தடி வைப்பதற்குள் கரிசல் மண் செருப்பில் அப்பி, காலைத் தூக்கினால் செருப்பு வரவில்லை. கடைசியில் இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த பெண் எங்கள் கோலத்தைப் பார்த்து, "கி.ரா. ஊரப் பாக்க வந்தீகளா?" என்றார். வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு வேறு எதற்கும் வருவதில்லை போலிருக்கிறது.

மழை அடிக்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினோம். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கி.ரா. சொன்னது தமிழ்நாட்டுக்கே தெரியும். அந்த மனிதர்தான் கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனியாளாக அகராதி போட்டார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் உட்கார்ந்தார். 2021 மே மாதம் புதுச்சேரியில் இறந்தபோது உடலை இங்கே கொண்டுவந்து அரசு மரியாதையோடு தகனம் செய்தார்கள். கொரோனா நேரம், ஊரே வீட்டு வாசலில் நின்று பார்த்தது என்றார் அந்தப் பெண். அடுத்த ஆண்டு டிசம்பரில் கோவில்பட்டியில் மணிமண்டபமும் திறந்தார்கள். அழகிரிசாமிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அவுக ரெண்டு பேரும் கூட்டாளிக, ஒருத்தருக்கு வச்சா இன்னொருத்தருக்கும் சேத்துத்தான்" என்றார். நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் எனக்கு அது போதவில்லை.

மதியத்துக்கு மேல் தோழியின் ஊருக்கு டவுன் பஸ். விளாத்திகுளம் போகிற பக்கம். நூறு வீடு இருக்கலாம். களத்தில் போட்டிருந்த பந்தல் மழையில் சரிந்து கிடந்தது. தோழி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய தம்பியும் கூட்டாளிகளும் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை மேடையாக்கிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த பின்னக் கணக்கு. அதன் மேலேயே நூல் வெளியீட்டு பேனரை மாட்டினார்கள்.

முதலில் தேவராட்டம் என்று ஏற்பாடு. பக்கத்து ஊரிலிருந்து ஆட்டக்காரர்கள் நனைந்துகொண்டே வந்துவிட்டார்கள். ஆனால் அதற்கு அடிக்கும் தேவதுந்துபி என்ற மேளத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து, அடித்தால் தொப் தொப் என்றது. வாத்தியக்காரர் வராந்தாவில் குத்தவைத்து, காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தோலைத் தீயின் மேல் காட்டிக் காட்டிச் சுழற்றினார். விரலால் ஒரு சுண்டு, காதை வைத்துக் கேட்பது, மறுபடி தீ. ஓலை தீர்ந்துபோனது. கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவரின் கையில் தட்டச்சு செய்த உரை, பதினைந்து பக்கம் இருக்கும். "அதக் குடுங்க அண்ணாச்சி" என்றார் தபால்காரர். அவர் கொடுக்கவில்லை, ஆனால் பிற்பாடு பேசும்போது பாதிப் பக்கங்களைத் தாண்டிவிட்டார்.

கால் மணி நேரம் கழித்துத் துந்துபி பேச ஆரம்பித்தது. தேவராட்டத்தில் பாட்டு கிடையாது. தாளமும் காலும்தான். கையில் கைக்குட்டை, காலில் சலங்கை. ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். ஜமீன் கோடங்கிபட்டிக் கலைஞர்கள் இதை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர்கள். களத்தில் வரிசை கட்டி ஆட வேண்டியதை வகுப்பறைக்குள் ஆட, ஒவ்வொருவரும் சுவரில் இடிக்காமல் திரும்பிய லாகவம் இருக்கிறதே! நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு தரையோடு அதிர்ந்தது. ஆட ஆட, ஜன்னலில் தொற்றியிருந்த பையன்கள் உள்ளே குதித்து வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டார்கள். யாரும் விரட்டவில்லை.

வெளியீடு. முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டது தோழியின் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டிய அத்தை. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. அட்டையைத் தடவிப் பார்த்து, "ஒட்டு நல்லாருக்கு" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

தோழி ஒரு கதை வாசித்தாள். விடியற்காலை நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம். பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு சிறுமி ஓடைக்கரையோரமாக நடந்தே போவாள். பாதி வாசிக்கும்போதே அம்மா கீழேயிருந்து, "அன்னைக்கு நீ நடக்கல, பால்காரர் சைக்கிள்ள போன" என்றார். இவள், அது கதை அம்மா என்றாள். "கதைன்னா? பால்கார மாமா இன்னைக்கு வந்திருக்காரு, அவரு என்ன நெனப்பாரு?" மாமா எழுந்து நின்றே விட்டார். அப்புறம் கதை எங்கே தொடர்ந்தது? குச்சி அடுக்கிய பெண்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு கட்டை, அதாவது தீக்குச்சி அடுக்கும் சட்டம், அடுக்க எவ்வளவு நேரம், யார் வேகம், கணக்குப்பிள்ளை எப்படிக் கட்டையைக் குறைத்து எழுதுவார், பஸ்ஸில் தூங்கி விழுந்து பல் உடைந்தது யாருக்கு. ஒருத்தி பாட்டே பாடினாள், கணக்குப்பிள்ளையை வைதுதான். தோழி புத்தகத்தை மூடிவிட்டு அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டியலில் இன்னும் மூன்று வாழ்த்துரை பாக்கி இருந்தது. "சோறு ஆறிப்போவும்" என்று அம்மா எழுந்ததில் அது அப்படியே முடிந்தது. நான் போன வெளியீட்டு விழாக்களில் இதுதான் உருப்படியான விழா.

சாப்பிடும்போது கரண்ட் போனது. ஒரு பையன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, சிங்கப்பூரில் குகேஷ் ஜெயித்து உலக செஸ் சாம்பியன் ஆகிவிட்டான் என்றான். பதினெட்டு வயது. இருட்டிலேயே ஒரு கைதட்டல் அவனுக்கும் போனது. ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். மழை விடவே இல்லை. நகரத்திலிருந்து வந்தவர்கள் யாரும் திரும்ப முடியாமல் ஆளுக்கொரு வீட்டில் படுத்தோம்.

டிசம்பர் 13, வெள்ளி. அதே ஊர்

இரவெல்லாம் கொட்டியது. ஓட்டில் ஒழுகி, பாயை இடம் மாற்றி மாற்றிப் போட்டதில் தூக்கம் போனது. காலையில் மாவட்டம் முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று செய்தி. ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு மேல் போகிறது, பஸ் இல்லை. மாலைக்கு ஏற்பாடு செய்திருந்த வில்லுப்பாட்டுக் குழுவும் வர வழியில்லை.

சரி, மாட்டிக்கொண்ட கவிஞர்களை வைத்துப் பதினோரு மணிக்குக் கவிதை வாசிப்பு என்றார்கள். வகுப்பறைக்குப் போனால் நாலு கவிஞர்களும் நானும்தான். ஊரையே காணோம். "கம்மா நெறஞ்சு மறுகா போவுதாம்" என்று கத்திக்கொண்டே ஒரு சிறுவன் ஓடினான். கவிஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தபால்காரர்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கரையில் ஊர் மொத்தமும் நின்றது. உரச்சாக்கைக் கொங்காணி போட்ட கிழவர்கள், குடை பிடித்த பெண்கள், இடுப்பில் குழந்தைகள். கண்மாய் நிரம்பி வழியும் மறுகாலில் கலங்கிய தண்ணீர் செம்பழுப்பாக விழுந்து ஓடியது. சோ.தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயைச் சுற்றித்தான் நடக்கிறது. கண்மாயையும் மடையையும் பார்த்துக்கொள்ள மடைக்குடும்பன் என்றொரு ஆள் இருப்பார் என்பதே எனக்கு அதில் படித்துத்தான் தெரியும். இங்கே மண்வெட்டியோடு ஒரு பெரியவர் கரையின் மெலிவான இடத்தைக் குத்திட்டுப் பார்த்தபடி அங்குமிங்கும் நடந்தார். அவர் சொல்லச் சொல்ல இளவட்டங்கள் மண்மூட்டை அடுக்கினார்கள். தபால்காரரும் ரெண்டு மூட்டை தூக்கினார். கவிஞர்களில் இளையவர் உணர்ச்சிவசப்பட்டு, மழையைப் பற்றித் தன் கவிதை ஒன்றைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். மண்வெட்டிப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "மழ நிக்கட்டும்யா. அப்புறம் பாடு." அவர் உடனே நிறுத்திவிட்டார், சிரித்துக்கொண்டேதான்.

சந்தோஷம் பாதி, பயம் பாதி. கண்மாய் நிறைந்தது நல்லது. ஆனால் அறுவடைக்கு நின்ற உளுந்து தண்ணீரில் கிடக்கிறது. கதிர் பிடித்த மக்காச்சோளம் சாய்ந்துவிட்டது. தோழியின் தம்பி தன் நிலத்தைப் பார்க்கவே போகவில்லை. போய் என்ன செய்ய என்றான்.

அன்றைக்குக் கார்த்திகை தீபம். எது நின்றாலும் கொழுக்கட்டை நிற்காது. ஈரப் பனையோலையை மடித்து, அதற்குள் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் கலந்து திணித்து, பானையில் அடுக்கி வேகவைக்கிறார்கள். ஓலையைப் பிரிக்கும்போது வரும் அந்த வாசனைக்கு இன்னொரு தடவை மழையில் மாட்டிக்கொள்ளலாம். ஓலையோடு ஒட்டின மாவைப் பல்லால் இழுத்துத் தின்ன வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்தார். எனக்குக் கொடுத்ததைக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சொக்கப்பனைக்கு வெட்டிவைத்த பனை ஊறிப்போய்ப் பற்றவே இல்லை. அகல் விளக்கைத் திண்ணைக்கு உள்பக்கமாக ஏற்றினார்கள்.

விளக்கு வெளிச்சத்தில், யாரும் அறிவிக்காமல், கவிதை வாசிப்பு நடந்துவிட்டது. அந்த இளைய கவிஞரைப் பெரியவரே கூப்பிட்டு, "காலைல ஆரம்பிச்சியே, அத இப்பச் சொல்லு" என்றார். வாசித்தார். கவிதை எனக்கு ரொம்பச் சுமார்தான். பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு, "மழைய நல்லா எழுதிருக்க, மண்ண விட்டுட்ட" என்றார். ஆங்கில ஹிந்து படிக்கிற விமர்சகர் எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

டிசம்பர் 14, சனி

மழை விட்டிருந்தது. பஸ் மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். புத்தகம் கொண்டுவந்ததில் அறுபது விற்றிருந்தது, விலை 180, ஊர்க்காரர்களுக்கு 100. எட்டுப் பிரதி நனைந்து உப்பிவிட்டது. அவற்றை அம்மா அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிக் காயவைத்தார்.

பத்து மணிக்கு வாசலில் பெண்கள் கூட்டம். கையெழுத்து வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து தோழி பேனாவை எடுத்துக்கொண்டு போனாள். பயிர் நஷ்டத்துக்கு மனு எழுத வந்திருந்தார்கள். "நீதான் புக்கு எழுதுத புள்ளயாச்சே, இதையும் எழுது" என்றார் ஒட்டு பார்த்த அத்தை. பள்ளிக்கூடத்து மேஜையைத் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டோம். பேர், சர்வே எண், எத்தனை ஏக்கர், உளுந்தா மக்காச்சோளமா. அவள் ஒருபக்கம் எழுத, நான் இன்னொரு பக்கம். வங்கி வேலை இதற்காவது உதவியது. ஒரு பாட்டி, செத்துப்போன தன் ஆட்டையும் சேர்க்கச் சொன்னார். ஆட்டுக்குத் தனி மனு, கால்நடைத் துறைக்கு என்றேன். "தனியா எழுது, ஆனா நல்லா எழுது. அது வெள்ளாடு, சென" என்றார்.

தம்பி கடைசியாக வந்தான். அவனுக்கு ரெண்டரை ஏக்கர் உளுந்து. தோழி 'ஐயா' என்று ஆரம்பித்துவிட்டு நாலு வரி எழுதினாள். வாங்கிப் படித்தவன், "இதுல வர்ணனை அதிகமா இருக்கு, வி.ஏ.ஓ. படிக்க மாட்டாரு" என்று திருப்பிக் கொடுத்தான். அவள் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. இன்னும் ஏழெட்டுப் பேர் பாக்கி. டிரைவர் இறங்கி வந்து என்ன கூட்டம் என்று விசாரித்தார். அவருக்கும் பக்கத்து ஊரில் ஒரு ஏக்கர் பாசியாம். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு வரிசையில் நின்றார்.